பதிவேட்டின் ஓரத்தில் ஓர் ஊர்ப்பெயர்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்ற ஊர்களைத் தாங்கி நிற்கும் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் பூர்வீகம் பற்றித் தெரிந்திருப்பது "திருச்சி பக்கம்", "தஞ்சாவூர்ச் சீமை", "சேலத்து ஆட்கள்" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வேரைத் தேடிச்செல்ல இயலாது. அதற்கு ஊரின் பெயர் வேண்டும், அந்த ஊரில் பாட்டனுடைய தகப்பனின் பெயரும் வேண்டும். கிறித்தவக் குடும்பங்களைப் பொறுத்தவரை, அரசு அலுவலகமோ தோட்ட நிர்வாகமோ எழுதிவைக்காத அந்த ஊர்ப்பெயர், அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் திருமணம் செய்துகொண்ட கோவிலின் பதிவேட்டில் இன்றும் இருக்கக்கூடும். அதை எங்கே, எப்படித் தேடுவது என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு பொருளாகும்.

இத்தேடலின் முறையை உலகில் மிகுதியாக வளர்த்தெடுத்தவர்கள் ஐரிஷ் மக்களே. 1840களின் பெரும்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் அயர்லாந்தை விட்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள், "கார்க்", "மேயோ" என்று ஒரு மாவட்டப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினர். அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகள் 60,000க்கும் மேற்பட்டவை என்பதால், எந்தச் சிற்றூர் என்று தெரியாதவரை தேடல் ஓர் அடியும் நகராது. அந்நாட்டின் அரசு ஆவணக் காப்பகம் டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று நேர்ந்த வெடிப்பிலும் தீயிலும் அக்காப்பகம் அழிந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும், பாதுகாப்புக்காகவே அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேற்பட்டவையும் சாம்பலாயின. ஆளும் தரப்பின் சபையாக இல்லாத காரணத்தால் கத்தோலிக்கக் கோவில்களின் ஏடுகளை அரசு பொது ஆவணமாகக் கருதவில்லை; அவை அந்தந்தப் பங்குக்குருவின் அலமாரியிலேயே கிடந்தன, அதனாலேயே பிழைத்தன. அவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் நுண்படமாக்கி, 1,086 பங்குகளின் ஏடுகளை 3,70,000க்கும் மேற்பட்ட படங்களாக 2015 ஜூலையில் யாரும் கட்டணமின்றிக் காணும்படி இணையத்தில் வைத்தது. மையத்தில் குவித்தது எரிந்துபோக, ஊரூராகக் கிடந்தது எஞ்சியது என்ற இந்த வரலாறு மலாயாத் தமிழருக்கும் பொருந்துகிறது.

கேமரன் மலையின் தேயிலை வரலாறு நீண்டதன்று. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் குறித்துச் சென்றபோதிலும், 1929இல்தான் ஜே. ஏ. ரஸல், இலங்கைத் தேயிலைத் துறையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனத்தின் சுங்கை பாலாஸ், ஃபேர்லி தோட்டங்களும், புளூ வேலி, பாரத் முதலிய பிற தோட்டங்களும் மலைச்சரிவுகளை நிறைத்தன. உலகப் பொருளாதார வீழ்ச்சியை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்ப்பது 1930இல் நிறுத்தப்பட்டு, பல ஆயிரம் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதைக் கருத்தில் கொண்டால், மலையில் காடழித்துத் தேயிலைக் கன்று நட்ட முதல் தலைமுறையில் ஒரு பகுதியினர் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்களில் ஏற்கெனவே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஆதலால் இம்மலைக் குடும்பங்களின் பதிவுகளை மலையில் மட்டும் தேடுவது போதாது. கீழ்நாட்டுப் பங்குகளின் ஏடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மலையில் தனிப் பங்கு அமைவதற்கு முன்பு தோட்டத்துக்கு வந்து பூசை வைத்த குருக்கள், அங்கே கொடுத்த ஞானஸ்நானத்தைத் தங்கள் சொந்தப் பங்கின் புத்தகத்தில் எழுதுவதே வழக்கம் என்பது இதற்கு இன்னொரு காரணம்.

அரசு ஆவணங்கள் ஏன் கைகொடுப்பதில்லை என்பதையும் விளக்க வேண்டும். மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட பதிவு உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், ஊர், மாவட்டம், உடல் அடையாளம் வரை எழுதப்பட்டுள்ளன. மொரீஷியசின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய பதிவுகளைப் பேணிவருகிறது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின் நிலைத்தது கங்காணி முறையாகும். ஏற்கெனவே தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமச் சீட்டுடன் ஊர் திரும்பி, உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டி, நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம் வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுவருவதே அம்முறை. பயணச் செலவை 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் இல்லாததால், ஒருவர் எந்த ஊர், யார் மகன் என்பதை விரிவாக எழுதிவைக்கும் தேவை நிர்வாகத்துக்குக் குறைந்தது. தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், நாள்தோறும் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து எழுதிய செக்ரோல், கூலி கொடுப்பதற்கான புத்தகமேயன்றி வரலாறு எழுதுவதற்கானது அன்று; தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அப்புத்தகங்களைப் பேண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதற்குப் பின் மலையில் பிறந்த தலைமுறைக்கு ஊர் என்பது பெரியவர்கள் வாயில் கேட்ட பெயராக மட்டும் எஞ்சியது.

கோவில் பதிவேடு இதற்கு நேர்மாறான நோக்கத்தில் எழுதப்பட்டது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக்குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1614இன் உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான நான்கு ஏடுகளோடு, 'ஸ்தாதுஸ் அனிமாரும்' எனப்படும் ஆன்மாக்களின் நிலைக் குறிப்பேட்டையும் வகுத்தது. இந்த ஐந்தாவது ஏடு, பங்கிலுள்ள குடும்பங்களை வீடு வீடாக எழுதும் கணக்காகும். அது எஞ்சியிருக்கும் பங்கில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே பக்கத்தில் காண முடியும். ஒருவர் யாருக்குப் பிறந்தார், ஏற்கெனவே மணமானவரா, இருவருக்கும் இரத்த உறவு உண்டா என்பனவற்றை அறியாமல் குரு மணம் முடித்துவைக்க இயலாது என்பதால், கூலிக் கணக்குக்குத் தேவைப்படாத தகப்பன் பெயரும், தாய் பெயரும், சொந்த ஊரும் திருச்சபைக்கு இன்றியமையாதவையாக இருந்தன. தோட்டத்தில் வெறும் எண்ணாகக் கருதப்பட்ட ஒரு பெண், கோவில் ஏட்டில் இன்னாருடைய மகள் என்று முழுமையாக எழுதப்பட்டாள் என்பது சிறிய செய்தியன்று.

இங்கேதான் தேடுவோர் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய ஒரு சட்டம் வருகிறது. 1907 ஆகஸ்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்டு, 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த 'நே தெமேரே' என்ற ஆணை, மணம் முடித்துவைக்கும் குரு அச்செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்றும், அங்குள்ள குரு அதை அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்றும் விதித்தது. 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இவ்விதியை ஏற்றுக்கொண்டது. இருமுறை மணப்பதைத் தடுப்பதற்காக ஏற்பட்ட இவ்விதி, கடல் கடந்தோர் வரலாற்றுக்கு எதிர்பாராத பயனைத் தந்தது. லால்குடிப் பக்கத்து ஓர் ஊரில் ஞானஸ்நானம் பெற்று, மலாயாவுக்கு வந்து மணந்துகொண்ட ஓர் ஆணின் பதிவை எடுத்துக்கொண்டால், விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருக்கும் பட்சத்தில், மலாயாவின் திருமண ஏட்டில் அவருடைய ஊர்க்கோவிலின் பெயரும், ஊர்க்கோவிலின் ஞானஸ்நான ஏட்டு ஓரத்தில் மலாயாவில் எந்தக் கோவிலில் யாரை மணந்தார் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். நடுப்பத்தியில் கறுத்த மையில் ஞானஸ்நானப் பதிவும், இருபது முப்பது ஆண்டு கழித்து வேறொரு குருவின் கையெழுத்தில், வேறு மையில், பொடி எழுத்தாக ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்ட மணக்குறிப்பும் சேர்ந்த அந்த ஒரு பக்கம், கடலின் இரு கரையையும் இணைக்கும் ஆவணமாகிறது. எல்லாக் குருக்களும் கடிதம் அனுப்பினர் என்றோ, அனுப்பிய கடிதமெல்லாம் போய்ச் சேர்ந்தது என்றோ கொள்ள முடியாது. ஆயினும் தேடலைத் தொடங்க இதைவிட உறுதியான இடம் வேறில்லை.

மலாயாவும் புதுச்சேரியும்

இத்தேடலுக்கு ஒரு நல்வாய்ப்பும் துணைநிற்கிறது. மலாக்கா மறைமாவட்டத்தை நடத்திய பாரிஸ் அந்நிய வேதபோதக சபையே புதுச்சேரி, கும்பகோணம், சேலம் பகுதிகளின் கத்தோலிக்கப் பணியையும் நடத்தியது. இரு கரையிலும் ஒரே சபையின் குருக்கள் ஒரே வகை ஏட்டை, ஒரே இலத்தீன் வாய்பாட்டில் எழுதினர். மலாயாவில் தமிழருக்கெனத் தனிக் கோவில்களும் எழுந்தன: பினாங்கில் 1857இல் தோன்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் கோவில், சிங்கப்பூரில் 1888இல் எழுந்த லூர்து மாதா கோவில், கோலாலம்பூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த புனித அந்தோணியார் கோவில் ஆகியவை அவற்றுட் சில. பேராக்கின் பாகான் செராயில், பின்னாளில் மலாக்காவின் ஆயரான ரெனே ஃபே சுவாமியார் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஒரு குடியிருப்பையே உருவாக்கினார். அது சூசைப்பாளையம் என்று வழங்குகிறது. கேமரன் மலைக்கு ஏறிய கத்தோலிக்கக் குடும்பங்களின் முந்திய பதிவுகளை இத்தகைய கீழ்நாட்டுக் கோவில்களில் தேடுவது பயன் தரும். சீர்திருத்த சபையினருள் லூத்தரன் குடும்பங்கள், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1924இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயத்திலிருந்து தரங்கம்பாடி மரபு வரையும் பின்னோக்கிச் செல்லலாம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் பதிவெழுதும் பழக்கம் வேரூன்றியது.

தமிழ்நாட்டுப் பக்கம் நிலைமை இத்தனை எளிதன்று. போர்த்துக்கீசிய அரசின் உரிமைக்குட்பட்ட பங்குகளும் உரோமையின் நேரடி ஆட்சிக்குட்பட்ட பங்குகளும் திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் அருகருகே இயங்கின. சில இடங்களில் ஒரே ஊரார் இரண்டு கோவிலாகப் பிரிந்து நின்றனர். மறைமாவட்ட எல்லைகளும் அடிக்கடி மாறின. கும்பகோணம் 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தூத்துக்குடி 1923இலும், சேலம் 1930இலும், மதுரை 1938இலும், தஞ்சாவூர் 1952இலும், சிவகங்கை 1987இலும் தனித்தனி மறைமாவட்டங்களாயின. இதனால், 1925இல் கப்பலேறிய ஒருவரின் ஊர் இன்று எந்த ஆயரகத்தின் கீழ் இருக்கிறது என்பதோடு, அன்று எந்த ஆயரகத்தின் கீழ் இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1917இன் சட்டத் தொகுப்பு பதிவேடுகளின் படியை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்பும்படி பணித்ததால், பங்கில் கறையான் அரித்த ஏட்டின் படி ஆயரகத்தில் பிழைத்திருக்கவும் கூடும். கிளைக்கோவிலாக இருந்த சிற்றூர்களுக்குத் தனி ஏடு இராது. தாய்ப்பங்கின் ஏட்டிலேயே அவற்றின் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டிருக்கும்.

பெயர் மாறும் விதம்

ஏடு கையில் கிடைத்த பின்னும் பெயர் தேடுவோரை அலைக்கழிக்கும். மலேசிய அடையாள அட்டையில் இராயப்பன் என்று இருப்பவர் இலத்தீன் ஏட்டில் பெத்ருஸ் ஆக இருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், யாகப்பன் யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ் என எழுதப்பட்டிருக்கலாம். அயர்லாந்திலும் டியார்முயிட் என்ற பெயருடையவர் எரேமியாஸ் என்றும், பிட்டி என்று வீட்டில் அழைக்கப்பட்ட பெண் பிரிஜிதா என்றும் ஏடேறினர். ஆனால் ஐரிஷ் தேடலுக்குத் துணைநிற்கும் குடும்பப் பெயர் தமிழருக்கு இல்லை. தகப்பன் பெயரே இரண்டாம் பெயர். மலேசியாவில் அது 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற குறியோடு, மகன், மகள் என்னும் பொருளில் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறையில் இடம் மாறி, மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடுகிறது. மரியசூசை மகன் சவரிமுத்து என்ற பெயர் ஒரே பங்கில் ஒரே பத்தாண்டில் நான்கைந்து முறை வருவது வியப்பன்று.

இக்குழப்பத்தைத் தீர்ப்பவர்கள் ஞானப்பெற்றோர். குழந்தையைத் தீர்த்தத் தொட்டியருகே ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பெரும்பாலும் தாய்மாமனாகவோ அத்தையாகவோ நெருங்கிய பங்காளியாகவோ இருப்பார்கள். அவர்கள் பெயரைத் தனியே குறித்துவைத்து, அதே பெயர்கள் வேறெந்தப் பதிவில் வருகின்றன என்று தொடர்ந்தால், எந்தச் சவரிமுத்து எந்த வீட்டுச் சவரிமுத்து என்பது தெளிவாகிவிடும். இலத்தீன் முழுதும் தெரிய வேண்டிய தேவையில்லை: மகனைக் குறிக்கும் ஃபிலியுஸ், மகளைக் குறிக்கும் ஃபிலியா, பிறந்தவர் என்னும் நாத்துஸ், மனைவி என்னும் யுக்ஸோர், ஞானப்பெற்றோரைக் குறிக்கும் பத்ரினி, அறியப்படாதவர் என்னும் இக்னோத்துஸ் முதலிய பத்துப் பதினைந்து சொற்களே எல்லாப் பதிவுகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர், ஊர் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று ஒத்துப்போகாமல் ஒரு பதிவைத் தம் குடும்பத்தினதாக ஏற்றுக்கொள்ளாமலிருப்பது நல்லது.

திருமண ஏட்டோடு இணைந்த மணவிசாரணைத் தாள்களும் கவனத்துக்குரியவை. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதற்கு முன், மணமக்களைக் குரு தனித்தனியே விசாரித்து எழுதுவது வழக்கம். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை. அவர்களின் இறப்பை எழுதிவைக்க அங்கே எந்த அலுவலகமும் இருக்கவில்லை. கணவன் இறந்தது உறுதிப்படாமல் ஒரு பெண் மறுமணம் செய்துகொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் தராது என்பதால், அவன் இறந்ததைக் கண்டவர் அல்லது கேட்டவரின் சாட்சியத்தைக் குரு எழுதி வாங்க வேண்டியிருந்தது. அத்தகைய தாள் ஏதேனும் ஒரு பங்கின் அலமாரியில் இருக்குமானால், சயாமில் மடிந்த ஒரு தொழிலாளியைப் பற்றி எழுத்தில் எஞ்சிய ஒரே சான்று அதுவாகவே இருக்கலாம். பழைய ஏடுகளைத் துப்புரவு செய்யும் பெயரில் இத்தாள்களை எரிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இரு நாட்டுப் பங்குகளும் உணர வேண்டும்.

மலைத் தோட்டத் தமிழரில் பெரும்பான்மையினர் இந்துக்கள். அவர்களுக்குக் கோவில் பதிவேடு கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு வரி வசூலித்த நோட்டுகளோ, தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடோ கிடைத்தால் அவை தலைமுறைகளை இணைக்க உதவும். எல்லாவற்றையும்விட வலுவான தடயம் குலதெய்வத்தின் பெயர். அந்தத் தெய்வம் கோவில் கொண்டிருக்கும் ஊர்களைக் குறித்துக்கொண்டு, அங்கே கூடும் பங்காளிகளிடம் கடல்கடந்து போனவர்களைப் பற்றி விசாரித்தால் வழி திறப்பதுண்டு. 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணக் கிராமங்களில் எழுதப்பட்ட பிறப்பு, இறப்புக் கணக்குகளும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை. கிறித்தவக் குடும்பங்களின் தேடல் வழியே ஓர் ஊரிலிருந்து ஒரே கங்காணியோடு புறப்பட்ட கூட்டம் எது என்று தெரியவந்தால், அக்கூட்டத்தில் இருந்த இந்துக் குடும்பங்களுக்கும் ஊர் புலப்படும், ஏனெனில் கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் சுற்றியே ஆள் திரட்டினர்.

தேடலின் வரிசை இவ்வாறு அமைவது பொருத்தம். முதலில் மலேசியாவிலேயே, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பழைய ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறைக் கல், பங்கின் பொன்விழா மலர் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் இப்போது கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் லயங்களை விட்டு ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டன, அவற்றோடு பெரியவர்களின் நினைவும் சிதறிவிட்டது. ஆகையால் எண்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதே எல்லா ஏட்டுக்கும் முந்திய வேலை. அதன்பின் தாத்தா பாட்டியின் திருமணப் பதிவை மலாயாவில் கண்டுபிடித்து, அதில் காணும் ஞானஸ்நானப் பங்கின் பெயரோடு தமிழ்நாட்டுப் பங்குக்குருவுக்கு எழுதலாம். கடிதத்தில் பெயரின் தமிழ் வடிவத்தையும் இலத்தீன் வடிவத்தையும், ஏறத்தாழ எந்த ஐந்தாண்டுக்குள் பிறந்தவர் என்பதையும் குறிப்பிட்டால், ஏடு புரட்டும் கோவில்பிள்ளையின் உழைப்பு பாதியாகக் குறையும்.

பதிவேடுகளை முழுவதும் பொதுவில் திறந்துவிடுவதில் நியாயமான தயக்கமும் உண்டு. சில ஏடுகளில் சாதிப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தகப்பன் பெயரற்ற குழந்தைகளின் பதிவும் உண்டு. உயிரோடிருப்பவர்களின் செய்தியும் அண்மைக்கால ஏடுகளில் இருக்கும். அயர்லாந்து 1880 வரையிலான ஏடுகளையே இணையத்தில் வெளியிட்டு இச்சிக்கலைத் தவிர்த்தது. அதே எல்லையைத் தமிழருக்கு வைத்தால் பயனில்லை, ஏனெனில் கேமரன் மலைக்கு வந்தவர்களின் பயணமே 1880க்குப் பல பத்தாண்டு பிந்தியது. ஆதலால் மலேசிய, தமிழ்நாட்டு ஆயரகங்கள் எல்லா ஏடுகளையும் படமெடுத்துத் தம்மிடம் காப்பாக வைத்துக்கொண்டு, வழித்தோன்றல் என்று காட்டுவோருக்கு மட்டும் உரிய பக்கத்தை வழங்குவதே ஏற்கத்தக்க முறையாகத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் படமெடுக்கப் பணமும் ஆளும் இல்லையென்றால், 1908ஆம் ஆண்டு ஈஸ்டரிலிருந்து ஜப்பானிய ஆட்சி தொடங்கும் வரையிலான மலாயாத் தமிழ்ப் பங்குகளின் திருமண ஏடுகளை முதலில் எடுக்க வேண்டும். ஊர்க்கோவிலின் பெயரைக் கேட்டு எழுதும்படி சட்டம் குருவைக் கட்டாயப்படுத்திய ஏடுகள் அவையே.